பாதிக் கோட்டை

இந்தக் குளிர்காலத்தில் மட்டும் ஏன் புகைகிறது என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

அதே கணப்பு. அதே ஓக் கட்டை. கூரையேறிப் புகைபோக்கியைத் துடைத்தவர், உள்ளே ஒரு பறவைக்கூடுகூட இல்லை என்றார்.

மூட்டினால் புகை மேலே போகாமல் அறைக்குள் திரும்புகிறது. கட்டையைக் கூட்டினால் புகையும் கூடுகிறது.

பாரிஸிலிருந்து மகன் கூப்பிட்டான்.

“புகைக்குள்ள கிடந்து இருமிச் சாகப்போறியளோ அம்மா? உந்தக் கோட்டையை வித்துப்போட்டு இங்க வாங்கோ. மகாராணி மாதிரி இருந்தது காணும்.”

“பாதிக் கோட்டைதானடா, சேந்தன். அரை மகாராணி. ஞாயிறு வரைக்கும் பார்க்கிறன். எரியாட்டி வாறன்.”

மகன் வீட்டில் அவளுக்கு வரவேற்பறை சோபா காத்திருந்தது.

மருத்துவமனைச் சமையலறையில் உழைத்து ஓய்வுபெற்றதும் வாங்கிய பாதி இது. ஓட்டைக் கூரையோடு வாங்கியது. அவள் பெயரில் இருந்த முதல் கதவு.

சனிக்கிழமை, டார்ச்சோடு கணப்புக்குள் குனிந்து நுழைந்து அண்ணாந்து பார்த்தாள்.

கணப்பை இரண்டாகப் பிரித்த நடுச்சுவர் தலைக்குச் சற்று மேலேயே முடிந்துவிட்டது.

அதற்கு மேல் இரண்டு பக்கத்துக்கும் ஒரே புகைக்குழாய்.

பிரபுவின் காலத்தில் இது ஒரே கூடம், ஒரே கணப்பு. முழு மாட்டை வாட்டும் அகலம். பிரெஞ்சுப் புரட்சியில் பிரபு ஓடிப்போக, கோட்டை ஏலத்துக்கு வந்தது. ஒரு மாவு ஆலைக்காரரும் ஒரு வைன் வியாபாரியும் கூட்டாக எடுத்து, கூடத்தின் நடுவே சுவர் வைத்தார்கள். சுவர் கணப்பையும் இரண்டாக வெட்டியது. புகைபோக்கியை வெட்டக் கூரைவரை பிரிக்க வேண்டும். அதை அப்படியே விட்டார்கள்.

பிறகு இரண்டு பாதிகளும் தனித்தனியே கைமாறின. கன்னியர் மடம், குதிரை வைத்தியர், யார் யாரோ. கடைசியில் இந்தப் பக்கம் அவள். அந்தப் பக்கம் மெஸ்யூ பஸ்தியேன்.

கிழவர். தனியாள். முற்றத்தில் பார்த்தால் தலையசைப்பார். அவ்வளவுதான் பழக்கம்.

கோடையில் இறந்துபோனார். தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்தால் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவருடைய அக்காள் மகள் வீட்டுச் சாவியை இவளிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.

அவர் பக்கத்து அணைந்த கணப்பின் வாய் வழியே குளிர்காற்று ஏறி, இவள் பக்கத்துச் சூட்டைக் கெடுக்கிறது. அதுதான் காரணம் என்று நினைத்தாள். போய், அவருடைய கணப்பைப் பலகையால் அடைத்தாள்.

திரும்பி வந்து மூட்டினாள்.

புகைந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். புகையைத் தூக்கிக்கொண்டு போவது சூடு. குழாயோ மாட்டை வாட்டும் நெருப்புக்குக் கட்டியது. பாதிக் கணப்பின் நெருப்பு அதைச் சூடாக்கப் போதாது. நடுவழியில் குளிர்ந்து, புகை இறங்கிவிடுகிறது.

இத்தனை குளிர்காலமும் தன் கட்டைதான் தன் அறையைக் காத்தது என்று இருந்தாள்.

கட்டைகளில் பாதியைக் கூடையில் அள்ளினாள். முற்றத்துப் பனியில் நடந்தாள். அவர் கதவைத் திறந்து, பலகையை எடுத்துவிட்டு, நெருப்பை மூட்டினாள்.

வெளிச்சம் பிடித்தபோதுதான் பக்கத்து ஆணியில் தொங்கிய சாவி கண்ணில் பட்டது.

கையகல இரும்புச் சாவி. அவள் கதவின் பழைய பூட்டுக்கு உரியது; வாங்கியபோது இதே போல் ஒன்றை அவளிடமும் கொடுத்திருந்தார்கள்.

அவள் வருமுன் அவளுடைய பாதி பல வருடம் ஆளில்லாமல் கிடந்தது. குடிவந்த அன்று கணப்பில் சாம்பல் வெதுவெதுப்பாக இருந்தது. எவனோ திருட்டுத்தனமாகப் புகுந்திருக்கிறான் என்று அன்றைக்கே பூட்டை மாற்றினாள்.

கொஞ்ச நேரம் அவருடைய நாற்காலியருகே நின்றாள். உட்காரவில்லை.

நெருப்புக்கு முன்னால் கம்பித் தட்டியை வைத்துவிட்டுத் தன் பக்கம் வந்து மூட்டினாள்.

புகை நேராக மேலே போனது.

மகனைக் கூப்பிட்டாள்.

“எரியுது.”

“உண்மையாவோ? என்னம்மா செய்தனீங்கள்?”

சுவருக்கு அப்பால் கட்டை ஒன்று வெடித்துச் சரிந்தது.

“ரெண்டு பக்கமும் மூட்ட வேணும், தம்பி. அவ்வளவுதான்.”