ஆளுக்குப் பாதி

“எனக்கு மாத்திரை, இவளுக்குக் களிம்பு. எது நல்லா கேக்குதுன்னு பார்க்கறாங்களாம்!” என்றாள் அக்கா.

தோல் டாக்டரின் அறைக்கு வெளியே அக்காவும் தங்கையும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் ஒரே நோய். உச்சந்தலையில் அங்கங்கே தழும்பு விழுந்து முடி போய்விட்டது. போன இடத்தில் இனி முளைக்காது, இருப்பதையாவது காப்பாற்றுவோம் என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

பக்கத்தில் இருந்த பெண் தலையில் துணி சுற்றி, மாஸ்க் போட்டிருந்தாள். “எதுதான் கேக்குது?” என்றாள், தொண்டை கட்டிய குரலில்.

“ரெண்டும் ஒரே மாதிரி! டாக்டர் முடியைப் பிச்சுக்காத குறைதான்” என்று தங்கை களுக்கென்று சிரித்தாள்.

“அதெப்படி?”

அக்கா குரலைத் தாழ்த்தினாள். “சின்ன வயசுலேர்ந்து எதுவா இருந்தாலும் எங்களுக்குள்ள ஆளுக்குப் பாதி. என் மாத்திரையில பாதி இவளுக்கு. இவ களிம்புல பாதி எனக்கு.”

அந்தப் பெண்ணுக்கு இருமலே வந்துவிட்டது. “அந்த மாத்திரை சில பேருக்குக் கண்ணைப் பாதிக்கும்மா. டெஸ்ட் எடுத்துட்டுத்தானே தருவாங்க?”

“அக்காவுக்கு எடுத்தாங்க. எனக்கு எடுக்கலையே!” தங்கைக்குப் பகீரென்றது. “ஊசியில நூல் கோக்கிற பொழப்பு என்னோடது. அக்கா, இன்னைக்கு டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்லிடலாம்.”

“வாயை மூடுடி! கிழிச்சுத் தொங்கவிட்டுடுவாங்க. நம்ம கஷ்டம் அவங்களுக்கு எங்க புரியப்போகுது? கை தண்டிக்குச் சடை வச்சிருக்கற மகராசி!”

அந்தப் பெண் எழுந்து போனாள்.

சற்று நேரத்தில் நர்ஸ் இவர்களைக் கூப்பிட்டாள். அக்கா முறைத்தால் முறைக்கட்டும், சொல்லியே தீருவது என்று தங்கை முந்திக்கொண்டு கதவைத் தள்ளினாள். சொல்ல வாயைத் திறந்தவள் திறந்தபடியே நின்றாள்.

மேஜைமேல் அந்தத் தலைத்துணி கிடந்தது. டாக்டர் கண்ணாடி முன் நின்று, கை தண்டிச் சடையைத் தலையில் பொருத்திக்கொண்டே சொன்னார்: “வாங்க. ரெண்டு பேருக்கும் கண் டெஸ்ட் எழுதியிருக்கேன். தயவுசெஞ்சு ஆளுக்கு ஒரு கண்ணைக் காட்டிட்டு வந்துடாதீங்க!”