மாதா கோயிலுக்குப் பக்கத்து ஓட்டல்

கடை பூட்டியிருந்தால்கூட நிபால்தோ பொறுத்துக்கொண்டிருப்பார். இங்கே கடையே இல்லை.

மரப்பலகை மாதா கோயில் இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் கடலும் இருந்தது. நடுவில், ஓட்டல் இருக்க வேண்டிய புல்தரையில், புதிதாக நட்ட தடித்த மரக்கால்கள் வரிசையாக நின்றன. ஓரமாக ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து, மலைபோலக் குவிந்த உருளைக்கிழங்கைத் துருவிக்கொண்டிருந்தார்கள்.

“முப்பது வருஷம் தபால்காரன், விலாசம் தப்பவே தப்பாதுன்னு பீத்திக்கிட்டியே,” என்றாள் அவர் மனைவி எலியானா, குடையை மடக்கியபடி. “பாரு கிழவா, தட்டுறதுக்கு ஒரு கதவுகூடக் காணோம்.”

சொந்த ஊரான குரிகோவிலிருந்து இருவரும் சுற்றுலா கிளம்பி ஆறு நாளாயிற்று. ஊர் ஊராக ஓட்டல் பார்க்கும் பொறுப்பு நிபால்தோவுடையது. தெமுகோவில் சோளப் பணியாரம் அடி கருகி வந்தது. வால்டிவியாவில் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று மேசைக்குப் போனதும் நண்டு தீர்ந்துவிட்டது. புவெர்த்தோ மோன்ட் சூப்பில் மட்டியைத் தேடி எலியானாவின் கரண்டிதான் களைத்துப்போனது.

நேற்று அவள் தீர்ப்பு சொல்லிவிட்டாள். மறுநாள் போகும் சிலோயே தீவிலும் சாப்பாடு சொதப்பினால், மிச்சமிருக்கும் நாட்கள் அவள் தங்கை வீட்டில். அந்த வீட்டில் ரத்தக் கொதிப்புக்குப் பயந்து உப்பே சேர்ப்பதில்லை. நிபால்தோவுக்கு நினைக்கும்போதே நாக்கு செத்தது.

“இங்க எர்மெலிந்தா ஓட்டல் எதும்மா? சனிக்கிழமை போனா இங்கதான் இருக்கும்னு என் கூட்டாளி சொன்னான்,” என்று பெண்களிடம் கேட்டார்.

“நான்தான் எர்மெலிந்தா.” கொஞ்சம் பருமனான பெண்மணி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கீங்க ஐயா. என்ன, கொஞ்சம் சீக்கிரமா வந்துட்டீங்க.”

“மணி ரெண்டாகுதே! எப்போ திறப்பீங்க?”

“தண்ணி ஏறட்டும். மூணரை, நாலு ஆயிடும்.”

கடல் இன்னும் முழுதாக ஏறாமல், கரையெல்லாம் பாசி படிந்த சேறாகக் கிடந்தது. படகில் மட்டியும் சிப்பியும் வர வேண்டும் போலிருக்கிறது என்று நிபால்தோ நினைத்துக்கொண்டார்.

“சூடா ஒரு சூப்பாவது கிடைக்குமா?”

“அது அப்பவே கொதிக்க ஆரம்பிச்சாச்சு. எங்க வீட்டுக்காரர் பக்கத்துலயே நின்னு கிண்டிக்கிட்டிருக்காரு.”

நிபால்தோ சுற்றுமுற்றும் பார்த்தார். அடுப்பையும் காணோம், வீட்டுக்காரரையும் காணோம்.

“உட்கார மேசை, நாற்காலி?”

“எல்லாம் வருது ஐயா!”

“மேசையே இனிமேதான் வருதாம்,” என்று எலியானா அவர் காதைக் கடித்தாள். “தேடிப் புடிச்சிருக்க பாரு ஓட்டல்! நாலு மணி பஸ்ஸை விட்டா வேற பஸ் கிடையாது, ஞாபகம் வச்சுக்க.”

அதற்குள் எர்மெலிந்தா ஒரு துருவியை அவள் பக்கம் நீட்டினாள். “அக்கா, கை சும்மாதானே இருக்கு? நாலு கிழங்கு துருவுறீங்களா?”

நிபால்தோ கண்ணை மூடிக்கொண்டார். சாப்பிட வந்தவளிடமே வேலை வாங்குகிறார்கள். இப்போது எரிமலை வெடிக்கும்.

வெடிக்கவில்லை. கண்ணைத் திறந்தபோது எலியானா யாருடைய ஏப்ரனையோ கட்டிக்கொண்டு, அந்தக் கூட்டத்தின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். கால்மணி நேரத்தில் அவள் குரல்தான் எல்லோருக்கும் மேலே கேட்டது.

“தெருமுனை வீட்டுல ஒரு சொறிநாய். அதுக்குப் பயந்து இவரு அந்தத் தெருவுக்கே மூணு மாசம் தபால் குடுக்கல. கேட்டா, ‘அங்க யாருக்கும் கடிதாசி வரல’ம்பாரு!”

பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நிபால்தோ மட்டும் பசியோடு மரக்கால்களைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

நாலு மணிக்கு பஸ் வந்து ஹாரன் அடித்தது. அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு மனைவி முன்னால் போய் நின்றார்.

“வா எலியானா. நான் தோத்துட்டேன். உன் தங்கச்சி வீட்டுக்கே போவோம்.”

அவள் நிமிர்ந்தாள். மூக்கு நுனியில் கிழங்குத் துருவல் ஒட்டியிருந்தது.

“வேணும்னா நீ போ. என் கையால துருவின கிழங்கு எப்படி வேகுதுன்னு பார்க்காம நான் நகர மாட்டேன்.”

பஸ் போய்விட்டது. ராத்திரி எங்கே தங்குவது என்று தெரியாவிட்டாலும், நிபால்தோவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது போலிருந்தது.

சட்டென்று மாதா கோயில் மணி அடித்தது. பெண்கள் துருவிகளைப் போட்டுவிட்டுக் கரைக்கு ஓடினார்கள். வீடுகளுக்குப் பின்னாலிருந்து ஆண்கள் வடக்கயிறுகளோடு வந்தார்கள். ஜோடி ஜோடியாகக் காளைகள் வந்தன. கடல் எப்போது ஏறியதோ, புல்தரை வரைக்கும் வந்து நின்றது.

கரை வளையும் முனையைத் திரும்பி நாலு படகுகள் வந்தன. எஞ்சின்கள் மூச்சுமுட்ட எதையோ இழுத்துக்கொண்டு வந்தன.

“அடேயப்பா! அவ்வளவு மட்டியா?” என்றார் நிபால்தோ.

படகுகளுக்குப் பின்னால், மஞ்சளாக, மாடி உயரத்துக்கு, அசைந்து அசைந்து ஒன்று மிதந்து வந்தது. அதன் உச்சியில் புகை. நிபால்தோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டினார்.

“என்ன கப்பல் அது?”

எர்மெலிந்தா கயிற்று முனையை அவர் கையில் திணித்தாள்.

“கப்பலா? அதுதான்யா எங்க ஓட்டல்! மரவீட்டை அப்படியே பேத்து மிதக்கவிட்டுக் கொண்டாறோம், இந்தக் கால்மேல ஏத்தணும். சூப்பு சிந்தாம இழுங்க!”