வெள்ளை லேஞ்சி

கிணற்றுக்கு அடி இல்லை என்றால் நம்புகிற ஆளா வின்சன்ற்? குருநகரிலிருந்து வரும்போதே ஈயக்குண்டு கட்டிய கயிற்றைச் சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டிக்கொண்டுதான் வந்திருந்தான்.

கயிறு முழுவதும் நிலாவரைக் கிணற்றுக்குள் போய்விட்டது. ஈயம் எங்கும் தட்டவில்லை.

பக்கத்தில் நின்ற நடராசாவுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. வெங்காயத் தோட்டக்காரர். வின்சன்றிடம் கருவாடு வாங்கி வாங்கியே சிநேகிதமானவர். எங்கள் ஊர்க் கிணற்றை ஒருக்கால் வந்து பார் என்று ஒரு வருஷமாக ஆக்கினை கொடுத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் பூசை முடிந்த கையோடு வின்சன்ற் மகளையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான்.

இங்கே போடுகிற எலுமிச்சந் தேசிக்காய் கீரிமலைக் கடலில் போய் மிதக்குமாம். கீரிமலைப் பக்கம் ஆமி இருந்தது. போய்ப் பார்த்துச் சொல்ல ஆளில்லை. நடராசாவின் கதைக்கு அது வசதியாகப் போயிற்று.

எட்டு வயது பெர்னடெட் ஒரு தேசிக்காயைப் போட்டாள்.

"இதுவும் கடல்தானோ அப்பா?"

"ஓம் பிள்ளை. இதுவும் கடல்தான்."

தேசிக்காய் அசையாமல் மிதந்தது. அது கீழே போகும்வரை தான் வரப்போவதில்லை என்று அவள் கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். பிடிவாதத்தில் அப்படியே தாய் ஸ்ரெல்லாதான்.

ஸ்ரெல்லாவுக்கு ஒரு பிடி வெங்காயம் பிடுங்கித் தருகிறேன் என்று நடராசா வின்சன்றைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். கூப்பிடு தூரம்தான்.

மண்ணெண்ணெய் இல்லாமல் இறைப்பு மெசின்கள் எல்லாம் வாயடைத்துக் கிடந்தன; விடியக் கையால் இறைத்ததுதான். சிவப்பு மண்ணில் வெங்காயத் தாள்கூட அசையவில்லை. பட்டப்பகலில் இந்த அமைதி வின்சன்றுக்குப் பிடிக்கவில்லை. கடல் இப்படிக் கிடந்தால் அவன் வலையைச் சுருட்டிவிடுவான்.

நடராசா கிணற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"பிள்ளையின்ரை இடுப்பிலை என்ன தம்பி, வெள்ளையா?"

"முகம் துடைக்கிற லேஞ்சி அண்ணை. என்னோடை தோணியிலை வாறவள். தாய் ஊசியாலை குத்தித்தான் விடுவா."

"இஞ்சை வெள்ளை கூடாது. ஆமியின்ரை ஹெலி வந்தா வாய்க்காலுக்கை குப்புற விழுந்திடோணும். போன கிழமை எழும்பி நிண்ட ஒருத்தன் இப்ப இல்லை."

வின்சன்ற் கையிலிருந்த வெங்காயத்தைப் போட்டுவிட்டு, மகளைக் கூப்பிடத் திரும்பினான்.

பலாலி ஆமி முகாம் பக்கமிருந்து ஹெலிச் சத்தம் வந்தது.

நடராசா அவன் தோளைப் பிடித்து இழுத்து விழுத்தினார். வாய்க்கால் ஈரத்தில் முகம் புதைந்தது. ஹெலி பதிவாகத் தாழ்ந்து வந்து, தாள்களைச் சாய்த்துக்கொண்டு தலைக்கு மேலால் போனது. சுடவில்லை.

வின்சன்ற் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

பெர்னடெட் கிணற்றுக் கட்டில் ஏறி நிமிர்ந்து நின்றாள். லேஞ்சியை இரண்டு கையாலும் விரித்துத் தலைக்கு மேலே பிடித்திருந்தாள்.

கடலில் ஹெலி வந்தால் தோணியில் எழும்பி நிற்க வேண்டும். வெள்ளையைக் காட்ட வேண்டும். பதுங்கினால் ஆயுதம் தூக்கிய இயக்கம் என்று ஆமிக்காரன் நினைப்பான், ஓடினால் சுடுவான், நின்றால் மீன்பிடிக்கிற சனம் என்று விட்டுவிட்டுப் போவான். இரண்டு தரம் அவர்கள் அப்படித்தான் தப்பினார்கள். ஆடுகிற தோணியில் கால் பிசகாமல் நிற்க அவளைப் பழக்கியவன் வின்சன்ற்தான்.

தூரத்தில் ஹெலி சரிந்தது. வட்டமடித்துக் கிணற்றுப் பக்கம் திரும்பியது.

அவளுக்குப் பயமே இல்லை. சேற்றில் கிடக்கிற தகப்பனைத்தான் முகத்தைச் சுழித்துக்கொண்டு பார்த்தாள். அப்பா எல்லாவற்றையும் மறந்துபோனார் என்று நினைத்திருப்பாள். அவளுடைய வாய் அசைந்தது. இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் என்ன சொல்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். அவன் சொல்லிக்கொடுத்ததுதான்.

"எழும்பி நில்லுங்கோ அப்பா. ஓடினால்தான் சுடுவான்."

நடராசா அவன் காலை இறுக்கிப் பிடித்தார். வின்சன்ற் உதறிவிட்டு எழும்பினான். பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையைக் கழற்றி, தலைக்கு மேலே வீசிக்கொண்டு, கிணற்றுக்கு எதிர்ப்பக்கமாக ஓடத் தொடங்கினான்.