வெள்ளிக்கிழமை விளக்கு

“மறுபடியும் அந்த மஞ்சள் விளக்கா?”

மஜீத் வண்டிக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒர்க்‌ஷாப் வாசலில் ஹமூத் வந்து நின்ற தோரணையே சொல்லிவிட்டது.

“அதே ஏபிஎஸ் பிரேக் விளக்குதான். வாராவாரம் மாதிரியே வியாழக்கிழமை வரைக்கும் ஒழுங்கா இருந்துச்சு. இன்னிக்குக் காலைல ஸ்டார்ட் பண்றேன், முறைச்சுக்கிட்டு எரியுது. பேட்டரியை மாத்தின. அப்புறம் ஒயர். அப்புறம் ரிலே. அடுத்து யாரை, என்னை மாத்தப்போறியா?”

“மாத்திடலாம். உன் வீட்டுக்காரி உம்மு அஸ்ஸான் சம்மதிக்கணும்.”

ஹமூத் சிரிக்கவில்லை. அவர் மகன் அஸ்ஸானுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்திருந்தது. நாளை ஞாயிறு, முதல் நாள். தனக்குப் பழைய பிக்கப் போதும், இந்த வண்டியை நீயே எடுத்துக்கொண்டு போ என்று மகனுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அவர்கள் ஊரான பிதியாவிலிருந்து போகிற வழியில் மலை இறக்கங்கள் உண்டு. பிரேக்கில் சந்தேகம் வைத்துக்கொண்டு பிள்ளையை அனுப்ப முடியுமா?

மஜீத் கருவியைச் செருகினார். திரையில் பழைய பிழைக் குறியீடே வந்தது. பிரேக் பெட்டிக்கு மின்சாரம் தடைப்பட்டிருக்கிறது. அவர் கொஞ்ச நேரம் தாடியைச் சொறிந்தார். பிறகு பானெட்டைத் திறந்து, ஒரு சின்ன ஃபியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் காட்டினார்.

“இதைப் பாரு. ரெண்டு பக்கமும் கீறல். யாரோ இதைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகியிருக்காங்க. பெட்டிக்குள்ள மணல் வேற.”

“எதுக்குப் பிடுங்கணும்?”

“மணல்மேடு ஏறுற பசங்க பண்ற வேலை. இது இருந்தா ஏபிஎஸ் வேலை செய்யும், மணல்ல வண்டி சட்டுனு நிக்காது, வழுக்கிக்கிட்டே போகும். ஏறுறதுக்கு முன்னாடி பிடுங்கிடுவாங்க, வீட்டுக்கு வரும்போது சொருகிடுவாங்க. ஆனா பிடுங்கினதைக் கம்ப்யூட்டர் மறக்காது.” மஜீத் குரலைத் தாழ்த்தினார். “எந்திரத்துக்கு ஏது கிழமை, அபூ அஸ்ஸான்? சனிக்கிழமையானா மட்டும் ஏன் எரியுது? வெள்ளிக்கிழமை உன் வண்டி யார் கையில இருக்கு?”

ஹமூத் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து சாப்பிட்டதும் அவர் பிக்கப்பில் ஊர்ச் சபைக்குப் போய்விடுவார். அஸ்ஸான் தாயைக் கூட்டிக்கொண்டு சின்னம்மா வீட்டுக்குப் போவான். பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்குத்தான் திரும்புவார்கள். அந்த வீட்டுக் கொல்லைப்புறத்திலிருந்தே மணல்மேடுகள் தொடங்கிவிடும். போன வருடம் அங்கேதான் மீன்கடைக்காரர் மகன் வண்டியோடு உருண்டான். இன்னும் எழுந்து நடக்கவில்லை.

வீட்டில் மனைவி ரய்யா காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். அஸ்ஸான் பெட்டியைக் கட்டிவிட்டு உட்கார்ந்திருந்தான். ஹமூத், மஜீத் கழற்றிக் கொடுத்த பழைய ஃபியூஸைப் பேரீச்சம்பழத் தட்டில் போட்டார்.

“இது என்னன்னு தெரியுதா?”

ரய்யாவின் கை நின்றது. “அபூ அஸ்ஸான், நான் சொல்றதைக் கொஞ்சம்...”

“நான்தான் வாப்பா பிடுங்கினேன்,” என்றான் அஸ்ஸான். “மணல்ல ஏறுறதுக்கு.”

“கேட்டியா?” ஹமூத் மனைவி பக்கம் திரும்பினார். “நீ ஒண்ணும் பரிஞ்சு பேசவேணாம். உன்னைத் தங்கச்சி வீட்டுல இறக்கிவிட்டுட்டு, உன் கண்ணுல மண்ணைத் தூவிட்டுப் போயிருக்கான். மீன்கடைக்காரர் வீட்டுல படுத்துக் கிடக்குறானே, அவனைப் பார்த்துமா புத்தி வரலை?”

“தப்புதான் வாப்பா.”

“வண்டி கிடையாது. சாயங்காலம் பஸ்ல போ.”

“சரி வாப்பா.”

கெஞ்சுவான், கோபப்படுவான், ஒரு சத்தியமாவது செய்வான் என்று ஹமூத் காத்திருந்தார். அவன் பேரீச்சம்பழம் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். அது அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. சாவியை ரய்யாவின் மடியில் போட்டார்.

“இது உன்கிட்டயே இருக்கட்டும். இந்த வீட்டுல நிதானமா ஓட்டுற ஆள் நீ ஒருத்திதான்.”

அஸர் தொழுகைக்குக் கிளம்பி வாசலுக்கு வந்து செருப்பில் கால் நுழைத்தபோது, உள்ளே ரய்யாவின் தணிந்த குரல் கேட்டது.

“சொல்லிடலாம்னுதான் வாயெடுத்தேன், அதுக்குள்ள முந்திக்கிட்ட. ஏண்டா இப்படிப் பண்ணின? உனக்குன்னு இருந்த வண்டி போச்சே!”

“அதை நான் மஸ்கட்டுக்குக் கொண்டுபோயிட்டா, வெள்ளிக்கிழமை நீங்க எதுல மணல் ஏறுவீங்க உம்மா?”