மூணாறு பஸ்

"இனி பொண்ணு பாக்கன்னு நம்ம வீட்டுக்கு யாரும் வரக் கூடாதுப்பா" என்று ஜாய்லின் சொன்னபோது ஜெயசிங் கோபப்படவில்லை. மூணாறு போகும் இளைஞர் சுற்றுலாவில் மகளுக்கு அவரே இடம் பிடித்துக் கொடுத்தார்.

சங்கரன்கோவிலிலிருந்து அதிகாலையில் பஸ் கிளம்பியது. மணிக்கு ஒருமுறை எல்லாரையும் இடம் மாற்றி உட்காரவைத்தார் வழிகாட்டி. "நாலு பேர்கிட்ட பழகத்தானம்மா வந்திருக்கீய" என்றார். ஜாய்லின் பக்கத்தில் அமர்ந்த மூன்று பையன்களும் தன்மையாகத்தான் பேசினார்கள். என்ன வேலை, எந்தச் சபை என்று விசாரித்தார்கள்.

மலை ஏறும்போது அவளுக்குக் குமட்டியது. பஸ்ஸை நிறுத்தச் சொல்ல முன்னால் போனாள். வழிகாட்டி போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஜெயசிங் சார், மூணு மாப்பிள்ளைக்கும் பொண்ணைப் பிடிச்சிருக்கு. நாலாவது பையனை இப்ப பக்கத்துல உக்கார வைக்கேன். இல்ல சார், எறங்கிப் போக முடியாது. சுத்தி காடுல்லா."