பதினேழாம் எண் வாசகர்

“அந்தத் திருடன நீங்க நேர்ல பாத்தீங்களா?” என்று கேட்டார் கோவர்த்தனன்.

“இல்ல சார். அவன் மட்டும் இன்னும் சிக்கல” என்றாள் ஹன்னா.

திருப்பதியில் ஒரு பல்கலைக்கழகத்தின் நூலக அறிவியல் துறை அது. ஹன்னாவின் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்காகச் சென்னையிலிருந்து வந்திருந்தவர் கோவர்த்தனன். ஆங்கிலத்தில் தொடங்கிய தேர்வு, மேசையைச் சுற்றி இருந்த மூன்று பேருக்கும் தமிழ்தான் வீட்டுப் பேச்சு என்று தெரிந்ததும் பத்தாவது நிமிடத்தில் தமிழுக்கு மாறியிருந்தது.

மூன்றாமவர் ஹன்னாவின் வழிகாட்டி, பேராசிரியர் அசரியா. நூலகப் புத்தகத்தில் பென்சில் கோடு போட்ட மாணவனை ஒரு வாரம் வகுப்புக்கு வெளியே நிற்க வைக்கிறவர். இப்போது தண்ணீர் பாட்டிலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

சித்தூரில் ஒரு கல்லூரியில் பதினோரு வருடமாக உதவி நூலகர் ஹன்னா. எடுத்துப்போன புத்தகத்தை மனிதர்கள் ஏன் திருப்பித் தருவதில்லை என்பதுதான் அவளுடைய ஆய்வு. கல்லூரியின் பழைய பதிவேடுகளைப் புரட்டி நாற்பத்து மூன்று பேரைப் பட்டியலிட்டு, அதில் நாற்பத்திரண்டு பேரை வீடு தேடிப் போய்ப் பேட்டி எடுத்திருந்தாள்.

“திருச்சானூர்ல ஒரு லாட்ஜ்காரரு டிக்ஷனரிய ஃப்ரிட்ஜுக்கு அடியில முட்டுக் குடுத்து வெச்சிக்கினு இருந்தாரு சார். புத்தலப்பட்டுல ஒருத்தரு சமையல் புத்தகத்த மக கல்யாணத்துல சீரோட சேத்துக் குடுத்துட்டாரு.”

பின்வரிசையில் சமோசாவுக்காகக் காத்திருந்த மாணவர்கள் சிரித்தார்கள். கோவர்த்தனன் சிரிக்கவில்லை.

“பதினேழாம் நம்பருக்கு வாங்க. பேரு என்ன?”

“பேரு இருந்த எடத்த கரையான் துன்னுடுச்சி சார். தேதியும் புத்தகமும்தான் மிச்சம். எண்பத்தெட்டு, ஜூலை. பழைய மாணவருங்க வாட்ஸ்அப் குரூப்புலகூட கேட்டுப் பாத்தேன். மெசேஜ நூத்தம்பது பேரு படிச்சாங்க, ஒருத்தரும் வாயத் தொறக்கல.”

“என்ன புத்தகம்?”

ஹன்னா தயங்கினாள். “நூலக அறிவியல் பாடப் புத்தகம் சார்.”

“அப்போ நம்ம தொழிலுக்கு வரணும்னு படிச்ச ஆளு. அவரே திருப்பித் தரலன்னா, உங்க ஆய்வுல அவருதான் முக்கியமான ஆளு.” கோவர்த்தனன் பேனாவை மூடினார். “அவர விட்டுட்டு நாலாவது அத்தியாயம் முடியாதும்மா. ஆறு மாசம் எடுத்துக்கோங்க. ஆளக் கண்டுபிடிச்சு, ஏன் தரலன்னு கேட்டு எழுதிக்கிட்டு வாங்க. அப்புறம் கையெழுத்துப் போடறேன்.”

ஹன்னாவின் கையிலிருந்த பேனா நழுவிக் கீழே விழுந்தது. அவள் கல்லூரியில் நூலகர் பதவிக்கு விண்ணப்பிக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். முனைவர் பட்டம் இல்லாத விண்ணப்பத்தைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். வெளியே வராந்தாவில் அவள் கணவன் டைட்டஸ், சித்தூரிலிருந்து வாங்கி வந்த பாதுஷா பெட்டியோடு நின்றுகொண்டிருந்தான்.

அசரியா சார் அப்போதே சொன்னார். “அந்தப் பதினேழ எடுத்துடும்மா, ஒரு ஆளு கொறஞ்சா ஒண்ணும் ஆவாது” என்று மூன்று முறை சொன்னார். கிடைக்காத ஆளை மறைத்தால் அது ஆராய்ச்சியே இல்லை என்று பிடிவாதம் பிடித்தது அவள்தான். இப்போது அவர் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

“சார், பதினோரு வருஷமா கவுண்டர்லயே ஒக்காந்துக்கினு இருக்கேன்” என்றாள். “இந்த வாட்டி உட்டா அடுத்த போஸ்ட் எப்ப வரும்னு தெரியாது சார்.”

“புரியுதும்மா. ஆனா ஆளு கெடைக்காம நான் என்ன பண்ண முடியும்?”

அசரியா பாட்டிலை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தார். பின்வரிசையில் இருந்த தன் மாணவர்களை ஒரு தடவை பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் ஹன்னாவுக்கு நேர் எதிரில் போட்டு உட்கார்ந்தார்.

“ஆறு மாசம் எதுக்கு சார்?” என்றார் கோவர்த்தனனிடம். “பேட்டிய இப்பவே எடுத்துடட்டும்.”

“யார்கிட்ட?”

அசரியா கீழே கிடந்த பேனாவை எடுத்து ஹன்னாவின் கையில் கொடுத்தார்.

“எழுதிக்கம்மா. பதினேழு நான்தான்.”