வெறும் களை

“மேடம், அந்தப் பக்கம் பாக்க ஒண்ணுமே இல்லீங்க. வெறும் களை. வாங்க, வண்டிக்குப் போகலாம்.”

சாலை போடும் நிறுவனத்தின் சைட் இன்ஜினீயர் காலையிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். புதிய புறவழிச்சாலை வரப்போகும் பாதை நெடுகச் சிவப்புக் கொடிகள் ஊன்றியிருந்தார்கள். அந்தப் பாதையில் அரிய செடிகொடி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லத்தான் சுற்றுச்சூழல் துறை அவளை அனுப்பியிருந்தது. தோளில் கேமரா, கழுத்தில் சின்ன லென்ஸ், கால்சட்டைப் பையில் அந்த வட்டாரத்துத் தாவரங்களை அடையாளம் காண உதவும் கையடக்கப் புத்தகம். இவ்வளவு தூரம் நடந்தும் குறித்துக்கொள்ளும்படி எதுவும் அகப்படவில்லை.

மிச்சம் இருந்தது இந்தச் சதுப்பும், அதன் கரையில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு வரிசை ஓட்டு வீடுகளும்தான்.

“பாக்காம எப்படி சார் எழுதறது?” என்றாள்.

“நாணலும் கோரையும்னு எழுதுங்க. போன ரோட்டுக்கு வந்தவர் வண்டிய விட்டு இறங்கவே இல்ல. உக்காந்த இடத்துலயே எழுதிக் கொடுத்துட்டுப் போயிட்டார். தங்கமான மனுஷன்.”

அவளுக்குச் சுருக்கென்றது. “நான் இறங்கித்தான் பாப்பேன்.”

“உங்க இஷ்டம். அந்தப் பெரிய கல்லைத் தாண்டி மட்டும் போயிடாதீங்க. முழங்கால் வரைக்கும் உள்வாங்கிடும்.”

வேண்டுமென்றே கல்லைத் தாண்டினாள். சேறு கணுக்கால் வரைகூட ஏறவில்லை. ஒரு வீட்டின் பின்புறம் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண், ஈரச் சட்டையைக் கையில் பிடித்தபடியே குரல் கொடுத்தாள்.

“ஏம்மா, எங்க வீடெல்லாம் நிக்குமா, போகுமா?”

“நான் செடி பாக்க வந்தவம்மா” என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். வேறு என்ன சொல்வது?

குனிந்த இடத்தில்தான் அது இருந்தது.

கோரைக்கு நடுவே ஒரு சாண் உயரத் தண்டு. உச்சியில் வெளிர்மஞ்சளாக நாலைந்து பூக்கள். அவள் அப்படியே குந்தி உட்கார்ந்தாள். புத்தகத்தை உருவிப் பக்கங்களைத் தள்ளினாள். ஈர விரலில் தாள் ஒட்டிக்கொண்டு படுத்தியது.

“இலையில மூணு நரம்பு... இருக்கு. கீழிதழ்ல சீப்புப் பல்லு மாதிரி விளிம்பு... இருக்கு. ஊதாப் புள்ளி...” லென்ஸை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். “இருக்கு! சார், இது சதுப்பு ஆர்க்கிட்! மலையில மட்டுந்தான் மிச்சம், இந்தச் சமவெளியில அழிஞ்சே போச்சுன்னு போட்டிருக்கு!”

“அட, மாடுகூட மோந்து பாக்காத பூண்டு மேடம் இது!” இன்ஜினீயர் குரலை உயர்த்தினார். “இதுக்காக ரோட்டை வளைப்பீங்களா? நீங்களும் பாக்கல, நானும் பாக்கல. விட்டுத் தள்ளுங்க.”

“நான் பாத்துட்டேன்.”

நின்ற இடத்திலேயே படம் எடுத்து அலுவலகத்துக்கு அனுப்பினாள். அனுப்பிய கையோடு மேலதிகாரியே கூப்பிட்டுவிட்டார்.

“நெஜமாவாம்மா? அந்தச் சதுப்புல ஒரு பிடி மண்ணு அசையக் கூடாது! இப்பவே வேலைய நிறுத்தச் சொல்றேன். ரோடு சுத்திக்கிட்டுப் போகட்டும்.”

இன்ஜினீயர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பாவம், இந்த மனிதரின் பிழைப்பில் கை வைத்துவிட்டோமோ என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

ஒரே ஓர் அடையாளம்தான் பாக்கி. ‘தண்டின் அடியில் இரட்டைக் கிழங்கு’ என்றது புத்தகம். செடி நோகாமல் ஒரு விரலால் சேற்றை விலக்கினாள்.

மேல்சேற்றுக்கு அடியில் விரல் பொதுக்கென்று உள்ளே போனது. உதிரி உதிரியாகக் கறுப்பு மண். அதில் நர்சரிகளில் கலக்கும் தேங்காய் நார்த்தூள். இன்னும் கொஞ்சம் விலக்கினாள். கறுப்பு மண் ஓர் அழகான வட்டத்தோடு முடிந்துபோனது. பூந்தொட்டியின் வாய் அளவு வட்டம்.

அவள் விரலைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

“சார்... இது இங்க முளைச்சதில்ல. தொட்டியிலேர்ந்து எடுத்து யாரோ நட்டிருக்காங்க.” அவள் பார்வை வீடுகளின் பக்கம் போயிற்று. அந்தப் பெண் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். “இவங்க வேலைதான். வீடு போகக் கூடாதுன்னு... ஐயோ, நான் அனுப்பித் தொலைச்சிட்டேனே! இப்பவே கூப்பிட்டு இல்லைன்னு சொல்லணும்.”

பதறிப் போனைத் திறந்தாள். இப்போது இன்ஜினீயர் வாய்விட்டுச் சிரிப்பார் என்று எதிர்பார்த்து நிமிர்ந்தால், அவர் முகம் வெளுத்துக் கிடந்தது. இஸ்திரி போட்ட கால்சட்டையோடு அப்படியே சேற்றில் மண்டியிட்டார். அவள் விலக்கிய மண்ணை இரண்டு கையாலும் அள்ளித் தண்டைச் சுற்றி மெல்ல அணைத்தார்.

“அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது மேடம். மெதுவா... இன்னும் வேர் பிடிக்கல” என்றார். “எத்தனை வீட்டைத்தான் இடிக்கிறது, நானும் மனுஷன்தானே? நீங்க இங்க வந்து குனிஞ்சு பாக்கணும்னுதான் பாக்காதீங்க, பாக்காதீங்கன்னு காலையிலேர்ந்து தொண்டை வறளக் கத்திக்கிட்டிருந்தேன்!”